கூடையை இறக்கி வைத்த கப்பல்

என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார் என்று சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதலில் வருகிற கேள்வி, "அப்ப கருவாடு கொண்டாருவாரே?" என்பதுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனுஷன் கடலிலிருந்து ஒரு நெத்தலியைக்கூடப் பிடித்ததில்லை. கப்பலில் அவர்கள் தின்பது ஐஸ்பெட்டிக் கோழி. வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயத்து வீடுகளில் இதை நான் சொல்லாத வாசல் கிடையாது. ஆனாலும் அவர் லீவில் வந்து இறங்குகிற ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி பையை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவாள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, பதுளைச் சந்தையில் கருவாடு வாங்கிவந்து லயம் முழுக்கப் பங்கு வைத்து வாயை அடைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றும்.

நாங்கள் இருப்பது ஸ்பிரிங்வெளிப் பக்கம். பதுளை டவுனில் பஸ் ஏறினால் வளைவுக்கு வளைவு வயிற்றைக் கலக்குகிற பாதை. கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்கள் ஆட்களைக் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். அவரும் இந்த மலையில் பிறந்தவர்தான். எல்ல என்கிற ஊரில் ஒரு விடுதியில் வெள்ளைக்காரர்களுக்குப் பெட்டி தூக்கினார், பிறகு கொழும்புக்குப் போனார், அங்கே யாரோ சொல்லக் கேட்டுக் கப்பல் வேலைக்குப் பயிற்சி எடுத்தார். முதல் பயணத்தில் கூடப் போன புது ஆட்களெல்லாம் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தபோது இவர் மட்டும் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். "ஸ்பிரிங்வெளி பஸ்ஸுல ஸ்கூலுக்குப் போனவன கடல் என்ன செய்யும்?" என்பார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

கப்பல்காரர் என்றதும் நான் வெள்ளை உடுப்பையும் தொப்பியையும் நினைத்துக்கொண்டுதான் கழுத்தை நீட்டினேன். முதல் லீவில் வந்தபோது அவர் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் துருவும் பெயின்டும். நாள் பூராவும் சுத்தியலும் கையுமாகக் குந்தியிருந்து இரும்பில் துருவைத் தட்டி எடுப்பது, தட்டிய இடத்தில் பெயின்ட் அடிப்பது, அடித்து முடித்துத் திரும்பினால் முதலில் தட்டிய இடத்தில் மறுபடி துரு. துறைமுகத்தில் கட்டும்போது தொடைத் தடிமனுள்ள கயிற்றோடு மல்லுக்கு நிற்பது. அந்தக் கயிறு இழுபட்டு அறுந்தால் எதிரே நிற்கிறவன் கால் போய்விடுமாம். நிலக்கரி இறக்கிய கிடங்கைக் கழுவித் துடைத்து, அடுத்த துறையில் அதே கிடங்கில் கோதுமை ஏற்றுவது. இது போக, நாலு மணித்தியாலம் இருட்டையே பார்த்துக்கொண்டு காவல் நிற்பது, கெப்டன் சொல்கிற பக்கம் சுக்கானைப் பிடிப்பது. "இதுக்கு மலையிலயே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியிருக்கலாமே" என்றேன். சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான், நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு சிரிப்பு.

மூத்தவள் பிறந்தபோது அவர் பிரேசிலிலோ எங்கேயோ சீனி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்து சேர்ந்த அன்று பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. தூக்கினார், வீரிட்டது. அந்த லீவு முடியும் வரைக்கும் அவர் கையில் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. அடுத்த லீவில் பேச்சு வந்துவிட்டது. இஸ்தோப்புத் திண்ணையில் நின்றுகொண்டு உள்ளே பார்த்து, "அம்மா, கப்பல் மாமா வந்துட்டாங்க" என்று கத்தினாள். லயமே சிரித்தது, நானும் சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார். ஆனால் பையைக் கீழே வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதனால்தான் இரண்டாவது தங்கியபோது அவராகவே வாய் திறந்தார். "இந்தத் தடவ நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். பிள்ள மொதல்ல பாக்குற ஆம்பள மொகம் என்னோடதா இருக்கணும்." மாதா படத்துக்கு முன்னால் நின்று சொன்னார். கணக்கும் சரியாகவே இருந்தது. அவருடைய ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாக இறங்கி இலங்கைக்குத் தெற்கே போகும். காலித் துறைமுகத்துக்கு நேரே கடலில் ஒரு சின்னப் படகு வந்து அவரை ஏற்றிக்கொள்ளும். பிள்ளை பிறப்பதற்குள் வீட்டில் இருப்பார். நான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் எடுக்கவில்லை, படித்துவிட்டுத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறேன். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிற வேலை. நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் டிவிசனில் ஒரு பெண்ணைக் குளவி கொட்டிக் கொன்றுவிட்டது. மரத்தில் கூடு இருப்பது தெரிந்தும், ஒண்ணும் ஆகாது போங்க என்று உள்ளே அனுப்பியதில் நடந்தது அது. அதற்குப் பிறகு எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் வந்தது. யார் கண்ணிலாவது குளவிக்கூடு பட்டால் அவள் கூடையை இறக்கி ரோட்டோரத்தில் வைப்பாள். பார்க்கிறவர்கள் எல்லோரும் இறக்கி வைப்பார்கள். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. தோட்டத்துத் துரை வந்து, கொழுந்து எடுக்க வேறு மலை தரும் வரைக்கும் ஒருத்தி உள்ளே போகமாட்டாள், ஒருத்தி வீட்டுக்கும் போகமாட்டாள்.

அந்த வழக்கத்தில் முதல் தடவை கூடையை இறக்கி வைத்தவர் என் அம்மா. அன்றைக்கு எனக்குக் கொதிக்கிற காய்ச்சல், பிள்ளைக் காம்பராவில் கிடந்தேன். அங்கே இருந்த ஆயா, பிள்ளை அம்மா அம்மா என்று அரற்றுகிறது என்று ஆள்விட்டுச் சொன்னார். அம்மா வரவில்லை. அம்மா ஒருத்தர் போனால் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவளும் போவாள், பால் கொடுக்கிறவளும் போவாள், மத்தியானத்துக்குள் ரோடு வெறிச்சோடிப்போகும். சாயங்காலம் துரை இறங்கி வந்து வேறு மலை தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அம்மா என்னைத் தூக்க ஓடிவந்தார். இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் கிடையாது. கல்யாணம் பேசிய புதிதில் அவருக்கும் சொன்னேன். என் அம்மா யார் தெரியுமா என்கிற மிதப்பில்தான் சொன்னேன்.

இனி அந்த போன் கதை. எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில்தான் கிடைக்கும். அங்கே எந்த நேரமும் நாலு பேர் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள், ஒருத்தர் குடும்பக் கதை மற்றவருக்குத் தெரியாமல் இருக்காது. எட்டாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி நின்றேன். அவர் குரலே சரியில்லை.

"கால்வாய்க்கு வெளியில நங்கூரம் போட்டு நிக்கிறோம். அந்தப் பக்கம் செங்கடல்ல போற கப்பலுக்கெல்லாம் குண்டு போடுறானுங்க. கெப்டன் எல்லாரையும் கேட்டிருக்காரு. போக விருப்பமில்லாட்டி விருப்பமில்லன்னு சொல்லலாமாம், அது சட்டமாம்."

"கேட்டா சொல்ல வேண்டியதுதானே. மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"ஒவ்வொருத்தனும் மத்தவன் மொகத்தப் பாக்குறான். அந்த வழியாப் போனா சம்பளம் கூட. போகமாட்டேன்னு சொன்னா அடுத்த தடவ கூப்பிடுவாங்களோ என்னவோன்னு பயம் வேற."

எனக்கு ஏறிவிட்டது. வயிற்றில் பிள்ளை உதைக்கிறது, இந்த மனுஷன் குண்டு விழுகிற கடலைப் பற்றி பஸ் ரூட் சொல்வது போலச் சொல்கிறார். "இங்க பாருங்க. குளவிக்கூடு தெரிஞ்சா எங்காளுங்க என்ன செய்வாங்கன்னு ஒங்களுக்குச் சொல்லியிருக்கேன்ல? ஒருத்தர் மட்டும் மாட்டேன்னா வேலைக்கள்ளன்னு பேரு வைப்பாங்க. எல்லாரும் கூடைய எறக்குனா எவனும் ஒண்ணும் செய்ய முடியாது. எல்லாருமா நில்லுங்க. எங்கம்மா நின்ன மாதிரி நில்லுங்க."

"சரி" என்றார். மேட்டில் நின்ற மற்ற மூன்று பேரும் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி, கொழும்பில் மகனை வேலைக்கு விட்டிருக்கிறவள், "நல்லாச் சொன்ன புள்ள" என்றாள். நான் மேட்டிலிருந்து இறங்கும்போது எனக்குள் அப்படி ஒரு கெத்து.

மறுபடி அவர் கூப்பிட்டபோது குரல் தெளிந்திருந்தது. "எல்லாரும் நின்னுட்டோம். ஒருத்தன் விடாம. கம்பெனி ஒத்துக்கிச்சு." நான் மாதாவே என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன். "அப்ப எப்ப வாறீங்க?" என்றேன்.

"கப்பல் ஆப்பிரிக்காவச் சுத்திப் போகுது."

"சுத்தின்னா?"

"முழுசா. கீழ போய்த் திரும்பி மேல வரணும். ஒரு மாசம் கூட ஆகும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மலையில் கூடையை இறக்கினால் துரை வேறு மலை தருவார், சாயங்காலம் கொழுந்தை நிறுத்துவிட்டு எல்லோரும் எப்போதும் போல லயத்துக்கு வந்துவிடுவோம். கப்பலையும் நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். எல்லோரும் மாட்டோம் என்றால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று, தோட்டத்துப் புத்தி. கப்பலுக்கு வேறு மலை என்றால் அது ஆப்பிரிக்கா என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"அப்ப பிள்ள பொறக்கும்போது நீங்க இல்ல" என்றேன். "ம்" என்றார். ஒரு ம். நான் போனை வெட்டிவிட்டுத் தொட்டிச் சுவரில் சாய்ந்து அழுதேன். யாரும் பார்க்கிறார்களா என்று பார்க்கக்கூட இல்லை.

பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒரு உலகப் படம் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் கப்பல் நிற்கிற இடத்தில் என் ஒட்டுப் பொட்டு ஒன்றை ஒட்டி வைப்பது என் வழக்கம். அதை நகர்த்துகிற உரிமை மூத்தவளுக்கு. அந்த வாரம் அவர் அனுப்பிய செய்தியைப் பார்த்து, எங்கே நகர்த்த வேண்டும் என்று காட்டினேன். மேற்கே, இடது கைப்பக்கம். அவள் பொட்டைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, லங்கா இந்தப் பக்கம்தானே இருக்கு. அப்பா ஏன் அந்தப் பக்கம் போறாங்க?" ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது, கப்பல் எங்களை விட்டு விலகிப் போகிறது என்று. நான் என்ன சொல்ல? "ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, சுத்தி வாறாங்க" என்றேன். தெமோதரைப் பக்கம் மண்சரிந்தால் பஸ் சுற்றி வருவதை அவள் பார்த்திருக்கிறாள், அதனால் ஒத்துக்கொண்டாள். பொட்டு ஆப்பிரிக்காவின் தோளில் ஏறி, இடுப்பில் இறங்கி, ஒவ்வொரு விரற்கடையாகப் போனது. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் கையாலாகாத கோபம் வந்தது. கெப்டன் மேல், குண்டு போடுகிறவன் மேல், அவர் மேல், முக்கியமாக என் வாயின் மேல்.

இடையில் ஒரு நாள் அவர் குரல் செய்தி அனுப்பினார். அவர்கள் பக்கத்தில் நங்கூரம் போட்டு நின்ற இன்னொரு கப்பல் கால்வாய் வழியாகவே போனதாம், ஒன்றும் ஆகவில்லையாம், எப்போதோ கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். தொட்டி மேட்டில் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக் காம்பரா ஆள் சும்மா இருக்காமல், "அப்ப சும்மாதான் சுத்துறாங்களா?" என்றார். நான் திரும்பினேன். "குளவி கொட்டலன்னா மரத்துல கூடு இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டேன். அவருக்குப் பதில் சொல்லிவிட்டேனே ஒழிய, அந்தக் கேள்வி என் காதிலும்தான் குடைந்துகொண்டிருந்தது.

பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தது, ஆண். பார்வை நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் புருஷன்மார் பிளாஸ்க்கும் பழமுமாக வந்து தலைமாட்டில் நின்றார்கள். எனக்கு அம்மா வந்தார், மூத்தவள் வந்தாள். பிள்ளை முதலில் பார்த்த ஆண் முகம் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற ஒரு பெரியவருடையது. நல்ல மனுஷர், பிள்ளையைப் பார்த்து ஏதோ சிங்களத்தில் கொஞ்சினார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் கப்பல் அன்றைக்கு எங்கேயோ ஆப்பிரிக்காவின் அடியில், போனுக்கு எட்டாத கடலில் இருந்தது. படம் அனுப்பினேன், அது போய்ச் சேராமல் இரண்டு நாள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் தெரியாத நம்பர் ஒன்று வந்தது. பிள்ளைக்காரி மேட்டுக்கு ஏறக்கூடாது என்று அம்மா கத்தக் கத்த ஏறினேன். அவர் கப்பல் போசனுடைய மனைவி, தூத்துக்குடியிலிருந்து பேசினாள். போசன் என்றால் கப்பலின் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர், எங்கள் கணக்கில் கங்காணி. ஆம்பளப் பிள்ளையாமே, அவுக சொன்னாவ என்று ஆரம்பித்து, கொஞ்சம் பேசிவிட்டு அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரவுகளுக்கு நான் கடன்பட்டிருக்கேன். எங்க வீட்ல, செங்கடல் வழியாப் போகச் சம்மதம்னு கையெழுத்துப் போடுததுக்கு பேனாவ எடுத்துட்டாவளாம். சாப்பாட்டு ரூம்ல எல்லாரும் உக்காந்திருக்கும்போது அண்ணாச்சிதான் எந்திரிச்சு, தலையில இருந்த ஹெல்மெட்டக் கழட்டி மேச மேல வச்சாவளாம். ஒரு வார்த்த பேசலயாம். அப்படியே கையக் கட்டிட்டு நின்னாவளாம். எவனுக்கும் ஒண்ணும் புரியல. பொறவு எங்க வீட்ல தன்னோட ஹெல்மெட்டக் கழட்டி அதுக்குப் பக்கத்துல வச்சாவளாம். அதுக்கப்புறம் சமையக்காரரு, இஞ்சின் ரூம்காரங்க, பிலிப்பைன்காரன், வங்காளத்துக்காரன், எல்லாரும் வச்சிட்டாவளாம். கெப்டன் மேசயப் பாத்துட்டு, சரின்னு எழுந்து போயிட்டாராம்."

அவர் இதில் ஒரு சொல்லாவது என்னிடம் சொன்னாரா? எல்லாரும் நின்னுட்டோம், அவ்வளவுதான். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள்:

"அதுவும் அவுகளுக்கு அன்னிக்கிக் காலையிலயே டிக்கெட் தாரேன்னு கெப்டன் சொல்லியிருக்காரு. சம்சாரம் மாசமா இருக்கு, நீ எறங்கிப் போ, வேற ஆள் வாரான்னு. மாட்டேன்னுட்டாவளே. அதான்க்கா எனக்குத் தாங்கல."

இறங்கி வந்திருக்கலாம். கால்வாய் வாசலிலேயே இறங்கி, விமானம் ஏறி, குண்டுமில்லாமல் ஆப்பிரிக்காவுமில்லாமல், நான் வலி கண்டு துடித்தபோது வெளியே வாசலில் நின்றிருக்கலாம். அவருக்கு வழி இருந்திருக்கிறது. அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்லி போனை வைத்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "வரட்டும்" என்றேன். அம்மா யார் வரட்டும் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் காலியில் இறங்கி, பஸ் மாறி மாறி, ஒரு நாள் காலையில் வந்து சேர்ந்தார். பிள்ளைக்கு இன்னும் முப்பதாம் நாள் கழியவில்லை. லயத்து முனையில் யாரோ, "கருவாடு எங்கண்ணே?" என்று கேட்பது உள்ளே எனக்குக் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. மூத்தவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தம்பியிடம் குனிந்து, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்: "தம்பி, இவங்கதான் அப்பா. கப்பல் மாமா இல்ல. பயப்படாத."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தொட்டிலை நோக்கிக் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"டிக்கெட் தாரேன்னாங்களாமே?"

அவர் கை அப்படியே நின்றது. யார் சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"ஏன் எறங்கல? நான் அங்க ஒத்தையில கெடந்தேன். ஊருல உள்ளவ புருஷனெல்லாம் தலமாட்டுல நிக்கிறான். மாதா படத்துக்கு முன்னால நின்னு சொன்னீங்கல்ல? ஏன் எறங்கலன்னு கேக்கிறேன்."

"நான் எறங்குனா எனக்குப் பதிலா ஒருத்தன் ஏறுவான்" என்றார் மெதுவாக. "அவன் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஏறுவான். அதுக்கப்புறம் போசன் போடுவாரு. அவரு பிள்ளைக்கு அடுத்த வருஷம் காலேஜு. அவரு போட்டா எல்லாரும் போடுவாங்க."

"போடட்டுமே! எனக்கென்ன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், குத்திக்காட்டுகிற குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி:

"ஒனக்குக் காச்சலா இருந்த அன்னிக்கி, அம்மா ஏன் வரல?"

எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்ன கதை. ஒரு தடவைகூட நான் அதில் பிள்ளைக் காம்பராவில் கிடந்த பிள்ளையாக இருந்ததில்லை. எப்போதும் ரோட்டில் நின்ற அம்மா பக்கத்தில்தான் நின்று சொல்லியிருக்கிறேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா சுளகைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கி நின்னது சரிதான்" என்றார். அம்மா இந்த விஷயத்தைப் பற்றித் தானாக வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. ஊருக்கெல்லாம் சொன்னது நான்தான். "திரும்ப அப்பிடி நடந்தாலும் நிப்பேன். ஆனா சாயங்காலம் ஓடிவந்து ஒன் நெத்தியில கைய வச்சேன் பாரு. இன்னிக்கி வரைக்கும் ஒன்னத் தொட்டா எனக்கு அந்தச் சூடுதான் வருது." சொல்லிவிட்டுத் திரும்பவும் சுளகை எடுத்துக்கொண்டார்.

என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் சில நேரம் வருகிறது, வந்தால் கேட்டுவிடுகிறேன், அவரும் கேட்டுக்கொள்கிறார். ஆனால் அந்த நிமிஷம் அவர் கையைப் பார்த்தேன். கப்பல் விட்டுக் கப்பல் வந்த துரு அதே விரல் இடுக்கில், அதே மாதிரி. ஒரு மாதமாகக் கடலின் அந்தக் கோடியிலிருந்து அந்தக் கைதான் சுக்கானைப் பிடித்து வந்திருக்கிறது, எங்களை விட்டு விலகி விலகி, பிறகு திரும்பி.

"போய் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

அவர் தண்ணீர் விழுகிற பீலியடிக்குப் போய்த் தேய் தேயென்று தேய்த்துவிட்டு வந்தார். துரு போகவில்லை, எப்போதும் போகாது. நான் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து அந்தக் கைகளில் வைத்தேன். அது அழவில்லை. முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் வெகுநேரம் அதன் நெற்றியில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.